அரைப் பேர்

நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன்.
அதற்குமேல் எது கொடுக்கு,
எது மயிரடியில் ஒட்டிய தேயிலைத் தூள் என்று
கண்ணாடி போட்டும் பிரியவில்லை.

எல்லாரும் குளவி என்கிறார்கள்.
குளவியானால் கொட்டிவிட்டுக் கொடுக்கோடு பறந்துவிடும்.
ஏழாம் நம்பர் மலையில் கலைந்தது மலைத்தேனீ.
கொடுக்கை விட்டு, அதோடு குடலையும் விட்டு
கொஞ்ச தூரம் போய் விழும்.
இடுக்கி முனையில் வருகிற ஒவ்வொன்றும்
ஒரு சாவு.
பிடுங்கிய பிறகும் நஞ்சுப்பை துடிக்கிறது
சொந்தக்காரி செத்தது தெரியாமல்.

நான் தோட்டத்து டிஸ்பென்சர்.
ராத்திரியில் படிக்கிறவன்.
தேனீ ஏன் சாகிறது என்பதற்குப்
புத்தகத்தில் கணக்கு இருக்கிறது:
அதற்குப் பிள்ளை கிடையாது,
கூட்டில் இருப்பவை சகோதரிகள்,
தன்னில் ஓடுவதே அங்கேயும் ஓடுகிறது,
ஒன்று போய் ஆயிரம் நின்றால் லாபம்.
சரி. கூட்டல் வருகிறது.

தனபாக்கியத்துக்குத்தான் வரவில்லை.

ஜெசிந்தா விழுந்தது கானுக்குப் பக்கத்தில்.
மற்றவர்கள் கூடையை எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள்.
தனபாக்கியமும் ஓடினாள்.
பீலிக்கரை வரை போனவள்
திரும்பினாள்.
இடுப்புப் படங்கை உருவி
ஜெசிந்தாவின் தலையையும் முகத்தையும் மூடி
மேலே படுத்துக்கொண்டாள்.
தன் முதுகுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இரத்த சொந்தமா?
இவள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள்,
அவள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி.
கைமாறா?
ஆறு வருசமாகப் பைப்படியில்
குடம் வைக்கிற வரிசைக்காக
ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதில்லை.
போன மாதம்கூட ஒரு வாளி நசுங்கியது.

புத்தகம் விடுவதாயில்லை.
அடுத்த பக்கத்தில் சொல்கிறது:
ஆதியில் சின்னக் கூட்டம்,
பக்கத்தில் விழுந்தவர் அநேகமாகச் சொந்தம்,
கை அப்போதே பழகிவிட்டது,
ஆள் பார்த்துப் பிரிக்க அதற்குத் தெரியாது.
அப்படியென்றால் இது பிசகா?
பழைய விலாசத்துக்குப் போட்ட கடிதம்
வேறு காம்பிராவில் கிடைத்த மாதிரியா?

எங்கள் லயங்களுக்கு விலாசமே கிடையாது.
வருகிற கடிதமெல்லாம்
நாலு கை மாறித்தான் வரும்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில்
ஒரு கண் திறந்த அன்றைக்குக் கேட்டேன்.
"என்ன நெனச்சித் திரும்புனீங்க?"
"நெனக்கிறதுக்கு எங்க சேர் நேரம்.
படங்கு இருந்திச்சி."

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
பத்து மணிக்கு அவர்கள் அலறிக்கொண்டு வந்தபோது
பின்னாலேயே தேனீயும் வந்தது.
மருந்தகத்துக் கதவைச் சாத்தினேன்,
இரண்டு பேர் வெளியே நிற்க.
நினைக்க எனக்கும் நேரமிருக்கவில்லை.
கொக்கி விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான்
அது என் கை என்று தெரிந்தது.

அந்தக் கையும் பழசுதான்.
அவள் கைக்கு எத்தனை வயதோ அத்தனை.

திறந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.
கொஞ்சம் பொறுத்து.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
கொக்கியை மறுபடி தூக்கியது யார்,
எந்தக் காட்டிலிருந்து இறங்கி வந்தது,
தேடிக்கொண்டிருக்கிறேன்.
பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.

இரண்டு பேரும் பிழைத்தார்கள்.
பதினோரு நாள் கழித்துத் தனபாக்கியம் பெரட்டுக்கு வந்தாள்.
பத்து மணிக்கே மலையை விட்டதால்
அன்றைய செக்ரோலில் அவளுக்கு அரைப் பேர்.
ஜெசிந்தாவுக்கும் அரைப் பேர்.

நேற்று விடிய முன்னே பைப்படியில் சத்தம்.
"ஒனக்கு முந்தியே வச்சிட்டேன்டி கொடத்த!"
மூடுபனி. ஆள் தெரியவில்லை.
குரலை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன்.
நஞ்சு ஏறிய தொண்டை இரண்டும்
ஒரே மாதிரி கரகரத்தது.